மெலியாய்டோசிஸ்: மண்ணிலும் நீரிலும் இருந்து வரும் தொற்று குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றோ, உடைந்தும் ஆறாத கட்டி என்றோ மருத்துவமனைக்குப் போனவரின் வீட்டாரிடம், "கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில்) மெலியாய்டோசிஸ் என்று வந்திருக்கிறது" என்று மருத்துவர் சொல்லும்போது, பெரும்பாலோர் அந்தச் சொல்லை அன்றுதான் முதல் முறையாகக் கேட்கிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும், சர்க்கரை நோயோடு சேற்றில் இறங்கி வேலை செய்கிறவர்கள் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டிய சில கேள்விகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. மருந்தின் அளவையும் காலத்தையும் நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்வார். அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளத் துணையாக மட்டும் இந்தப் பதில்களை வைத்துக்கொள்ளுங்கள்.

மெலியாய்டோசிஸ் என்பது என்ன நோய்?

பர்க்கோல்டேரியா சூடோமாலியை என்ற பாக்டீரியாவால் வரும் தொற்று நோய் இது. இந்தக் கிருமி மனிதரையோ விலங்கையோ நம்பி வாழ்வதில்லை. வெப்ப நாடுகளின் ஈர மண்ணும் தேங்கிய நீரும்தான் அதன் சொந்த வீடு. மண்ணில் வாழும் மற்ற ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைப் போல அது தன் போக்கில் இருக்கிறது. தோலில் ஒரு கீறலோ, மூச்சில் ஒரு துளி சேற்று நீரோ வழி கொடுக்கும்போது உடலுக்குள் நுழைகிறது. நுழைந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வந்தால், தோலில் ஒரு சிறு புண்ணாக நின்றுவிடுவதிலிருந்து இரண்டே நாளில் ரத்தம் முழுவதும் பரவி உயிரைப் பறிப்பது வரை எந்த வடிவத்தையும் எடுக்கக்கூடியது.

யார் இதைக் கண்டுபிடித்தார்கள்? பெயருக்கு என்ன பொருள்?

ரங்கூன் பொது மருத்துவமனையில் நோயியல் மருத்துவராக இருந்த ஆல்ஃபிரட் விட்மோரும், அவருடன் பணியாற்றிய சி. எஸ். கிருஷ்ணசாமியும் 1911இல் பிரேதப் பரிசோதனைகளின்போது ஒரு விந்தையைக் கவனித்தார்கள். நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகளோடு இறந்தவர்களின் உடலில் இருந்த கிருமி, குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமியைப் போலத் தோன்றினாலும் அதுவாக இல்லை. இறந்தவர்களில் பலர் மார்ஃபின் ஊசிப் பழக்கம் உடைய ஏழைகள். இருவரும் சேர்ந்து 1912இல் இதை ஒரு புதிய நோயாக அறிவித்தார்கள். பின்னாளில் கோலாலம்பூரில் ஆய்வு செய்த ஸ்டான்டனும் பிளெட்சரும் 1921இல் மெலியாய்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். கழுதைகளுக்கு வரும் ஒரு நோயைக் குறித்த பழைய கிரேக்கச் சொல்லோடு, "அதைப் போன்றது" என்ற பொருள் தரும் சொல்லைச் சேர்த்து உருவாக்கிய பெயர் அது. விட்மோர் நோய் என்ற பெயரும் இன்றுவரை வழங்குகிறது. கட்டுரையில் கையெழுத்திட்டவர்கள் இருவர், பெயரில் நிலைத்தவர் ஒருவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மண்ணில் இந்தக் கிருமி எப்படிப் பிழைத்திருக்கிறது?

சத்துக் குறைந்த மண்ணிலும் அது தாக்குப்பிடிக்கும். கோடையில் மேல்மண் காய்ந்து வெடிக்கும்போது ஈரம் இருக்கும் ஆழத்தில் தங்கிக்கொள்கிறது. மழை பெய்து நிலத்தடி நீர்மட்டம் உயரும்போது அதனோடு மேலே வருகிறது. சத்து எதுவும் சேர்க்காத வாலை வடிநீரில் வைத்த இந்தக் கிருமி 16 ஆண்டுகள் கழிந்த பின்னும் உயிரோடு இருந்ததைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இவ்வளவு வைராக்கியம் உள்ள கிருமி, முறையாகக் குளோரின் கலந்த நீரிலும் கொதிக்கவைத்த நீரிலும் மடிந்துவிடுகிறது என்பது ஆறுதலான செய்தி.

மழைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு இதிலிருந்தே விளங்கும். வட ஆஸ்திரேலியாவிலும் வடகிழக்குத் தாய்லாந்திலும் நோயாளிகளில் பெரும்பாலோர் மழைக்காலத்தில்தான் வருகிறார்கள். கர்நாடகக் கடற்கரையில் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும், தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகும் வரும் விடாத காய்ச்சல்களில் இதையும் ஒரு வாய்ப்பாக மனதில் வைத்திருப்பது நல்லது.

உடலுக்குள் எந்த வழியாக நுழைகிறது?

முதன்மையான வழி தோல். நடவு வேலையில் நாள் முழுக்கச் சேற்றில் ஊறிய பாதத்தை எண்ணிப் பாருங்கள்: குதிகாலில் பித்தவெடிப்பு, விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறிப்போன சேற்றுப்புண், முந்தின நாள் அறுவடைத் தாள் கிழித்த கீறல். இவற்றில் எதுவும் வலிக்கும் அளவுக்குக் காயம் இல்லை; கிருமிக்கோ அவ்வளவு இடம் தாராளம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்குக் கீறல் விழுந்ததே தெரியாமல் போய்விடும்.

இரண்டாவது வழி மூச்சு. பலத்த காற்றோடு மழை அடிக்கும்போது சேற்று நீர் நுண்துளிகளாகப் பறக்கிறது. புயலுக்குப் பின் நிமோனியாவாக வரும் நோயாளிகள் கூடுவதற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். 2004 சுனாமியில் அலைக்குள் சிக்கிச் சேற்று நீரை உள்ளிழுத்துப் பிழைத்தவர்களில் சிலருக்குத் தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் இந்த நோய் வந்தது. மூன்றாவது வழி, சுத்திகரிக்காத நீரைக் குடிப்பது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதற்கு நேரம் இருப்பவர்கள் இதைப் படிக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல் ஆபத்து இருக்கிறது. எந்த நாட்டின் நோயாளிப் பட்டியலை எடுத்தாலும், பெரும்பாலும் பாதிப் பேர் சர்க்கரை நோயாளிகளாகத்தான் இருக்கிறார்கள். கிருமி நுழைந்ததும் முதலில் ஓடிவந்து அதை விழுங்கிக் கொல்ல வேண்டியவை வெள்ளணுக்கள். ரத்தச் சர்க்கரை கட்டுக்கு மீறி இருக்கும்போது அவை தாமதமாக வருகின்றன, வந்தாலும் சரியாகக் கொல்வதில்லை. இந்தக் கிருமியோ விழுங்கப்பட்ட பின்னும் அணுவுக்குள்ளேயே உயிர்வாழவும், அங்கிருந்து அடுத்த அணுவுக்குத் தாவவும் தெரிந்தது.

அளவுக்கு மீறிய மதுப் பழக்கம், நாள்பட்ட சிறுநீரக நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய், புற்றுநோய், நீண்டகால ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. மூட்டு வலிக்கென்று கடையில் பெயர் தெரியாமல் வாங்கித் தின்னும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு என்பதால், அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல், மெலியாய்டோசிஸோடு வந்து சேர்ந்த அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் சர்க்கரை 400 என்று தெரியவருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இவை எதுவுமே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கும் இந்த நோய் வரலாம். ஆனால் அவர்கள் பிழைத்துக்கொள்ளும் வாய்ப்பு மிக அதிகம்.

மண்ணைத் தொட்ட எத்தனை நாளில் நோய் தெரியும்?

பெரும்பாலும் 1 முதல் 21 நாட்களுக்குள் தெரிந்துவிடும்; மழையில் நனைந்து நான்கைந்து நாளில் காய்ச்சல் தொடங்குவது சாதாரணம். சிலருக்குக் கிருமி உடலுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, முதுமையிலோ வேறொரு நோயால் உடல் தளரும்போதோ எழுந்துகொள்கிறது. வியட்நாம் போரிலிருந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்களிடம் இப்படி நடந்ததால், அங்கே இதை "வியட்நாம் டைம் பாம்" என்று அழைத்தார்கள். இதுவரை பதிவானவற்றில் மிக நீண்ட உறக்கம் 62 ஆண்டுகள்: இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாகித் தென்கிழக்கு ஆசியாவில் இருந்த ஒரு அமெரிக்கருக்கு, தள்ளாத வயதில் கையில் ஆறாத புண்ணாக அது வெளிப்பட்டது. இவ்வாறு தாமதமாக வருவது அபூர்வமே. மண்ணைத் தொட்டவர்கள் எல்லோரும் ஆயுள் முழுக்க அஞ்சிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அறிகுறிகள் என்னென்ன?

இதற்கென்று தனி அடையாளம் கிடையாது என்பதுதான் சிக்கலே. பாதிப் பேருக்கு நிமோனியாவாக வருகிறது: காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், விலாவில் குத்தும் வலி. ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தத்திலும் கிருமி இருக்கும். அவர்களில் சிலருக்கு ரத்த அழுத்தம் விழுந்து, சிறுநீர் குறைந்து, ஓரிரு நாளில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் நிலை வரும். இன்னும் சிலருக்குக் கால் புண், கழுத்துக் கட்டி, முழங்கால் வீக்கம் என்று ஓரிடத்தில் மட்டும் நின்று வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும்.

சீழ்க்கட்டிதான் இந்த நோயின் கையெழுத்து என்று சொல்லலாம். வெளியே தெரியும் கட்டியைவிட, வயிற்று ஸ்கேனில் மட்டுமே தெரியும் கட்டிகள் முக்கியமானவை. கல்லீரலில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகத் தேன்கூட்டின் அறைகளைப் போலச் சீழ் கோத்திருக்கும். மண்ணீரலிலும் கட்டி இருக்கும். ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் சீழ் வைத்துச் சிறுநீர் அடைத்துக்கொள்வதும் உண்டு. காய்ச்சலோடு வந்த சர்க்கரை நோயாளியின் கல்லீரல், மண்ணீரல் இரண்டிலும் சீழ்க்கட்டிகளைப் பார்த்தால், கல்ச்சர் முடிவு வரும் முன்பே அனுபவமுள்ள மருத்துவர்கள் இந்த நோயைச் சந்தேகித்துவிடுவார்கள். அரிதாக மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கி, முகவாதம், விழுங்க முடியாமை, கை கால் பலவீனம் ஆகியவற்றோடு வருவதும் உண்டு.

காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். பிறகு இந்த நோய் என்கிறார்கள். தவறு எப்படி நடக்கிறது?

இது அடிக்கடி நடக்கிறது. மருத்துவரின் அலட்சியம் என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. மாதக்கணக்கில் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் நிழல், சில சமயம் குழி. இந்தியாவில் இந்தப் படத்தைப் பார்க்கும் எவருக்கும் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்தாலும், காசநோயில் காணும் அதே வகை அழற்சித் திரள்கள் இதிலும் இருக்கலாம். சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்த பின்னும், "கிருமி தெரியாத காசநோயாக இருக்கும்" என்று மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்கள். இங்கேதான் வழி தவறுகிறது.

கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது. சளியிலும் மரபணுச் சோதனையிலும் காசநோய்க்கிருமி தெரியவில்லை, மாத்திரை தின்று சில வாரங்களாகியும் காய்ச்சல் இறங்கவில்லை, நோயாளிக்குச் சர்க்கரை இருக்கிறது என்றால், சளியையோ சீழையோ சாதாரண பாக்டீரியா கல்ச்சருக்கும் அனுப்பினார்களா என்று கேளுங்கள். பல இடங்களில் சீழை எடுத்துக் காசநோய்ச் சோதனைக்கு மட்டும் அனுப்பிவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுகிறார்கள். விடை அந்தக் கொட்டிய சீழில் இருந்திருக்கும்.

நோயை உறுதி செய்யும் பரிசோதனை எது?

கல்ச்சர், அதாவது ரத்தம், சளி, சிறுநீர், சீழ் ஆகியவற்றில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது. சந்தேகம் இருந்தால் தொண்டையிலும் மலக்குடலிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்பார்கள். ஆரோக்கியமான உடலில் இந்தக் கிருமி குடியிருப்பதில்லை என்பதால், எந்த இடத்து மாதிரியில் வளர்ந்தாலும் அதை நோயாகவே கொள்ள வேண்டும்.

ஆய்வக மேசையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், இரு முனையும் அடர்ந்து நடுவில் வெளுத்து, சட்டையில் குத்தும் ஊக்கைப் போலச் சின்னஞ்சிறு கோல்கள் தெரியும். ஆனால் வேறு சில கிருமிகளும் அப்படித் தெரிவதால் அது போதாது. வளர்ப்புத் தட்டில் முதல் நாள் குறிப்பிடும்படி எதுவும் இருக்காது. வழவழப்பான சிறு புள்ளிகள், அவ்வளவுதான். ஆஷ்டவுன் என்ற தனி வளர்ப்புக் கலவையில் வளர்த்தால், இரண்டாம் மூன்றாம் நாளில் அந்தப் புள்ளிகள் ஊதா நிறமேறி, உலர்ந்து, வாடிய பூவிதழைப் போலச் சுருக்கம் சுருக்கமாக மாறும். முதல் நாளே தட்டைக் குப்பையில் போடும் ஆய்வகம் இந்தக் காட்சியைப் பார்க்கவே வாய்ப்பில்லை.

இன்னொரு துப்பு, எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று பார்க்கும் சோதனையில் கிடைக்கும். ஆக்சிடேஸ் என்ற நொதியைத் தேடும் சோதனையில் நேர்மறையாக இருந்து, ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் கட்டுப்படாமல், அமாக்சிசிலின் கிளாவுலனிக் அமிலத்துக்குக் கட்டுப்படும் கிராம் எதிர்மறைக் கோல் (கிராம் சாயத்தில் சிவப்பாகத் தெரியும் கோல் வடிவக் கிருமி) கிடைத்தால், அது வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை இந்தக் கிருமிதான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். தானியங்கி இயந்திரம் சில நேரம் நெருங்கிய உறவான வேறு கிருமியின் பெயரை அச்சிட்டுக் கொடுத்துவிடும். மாதிரியை அனுப்பும்போதே "மெலியாய்டோசிஸ் சந்தேகம்" என்று சீட்டில் எழுதிவிடுவது, சரியான முடிவுக்கும் உதவும், ஆய்வகத்தில் இருப்பவர்களின் பாதுகாப்புக்கும் உதவும். வளர்ப்புத் தட்டை முகர்ந்து பார்க்கும் பழைய பழக்கம் இங்கே ஆபத்தானது.

கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால் நோய் இல்லை என்று பொருளா?

இல்லை. நோய் இருந்தும் ஒரு முறை செய்யும் கல்ச்சர் பத்தில் ஆறு பேரிடம்தான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. முன்பே ஊசி போட்டிருந்தால் இன்னும் குறையும். சந்தேகம் வலுவாக இருந்தால் மறுபடி மறுபடி, வெவ்வேறு இடங்களிலிருந்து அனுப்ப வேண்டும். கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் பார்க்கும் சோதனை நம்முடைய ஊர்களில் அவ்வளவாகப் பயன்படாது; வயலில் வாழ்ந்த பலருக்கு நோய் வராமலேயே அந்த எதிர்ப்பொருள் இருக்கக்கூடும், கடும் நோயாளிக்கு அது இல்லாமலும் போகலாம்.

அறிக்கையில் "சூடோமோனாஸ் வகை" என்று மட்டும் இருக்கிறது. அது இதுதானா?

இருக்கலாம். 1992 வரை இந்தக் கிருமியும் சூடோமோனாஸ் என்ற பேரினத்தில்தான் வைக்கப்பட்டிருந்தது. சரியான இனப்பெயர் இல்லாமல் "சூடோமோனாஸ் வகை" என்றோ "வெளியிலிருந்து கலந்த கிருமி" என்றோ அறிக்கை வந்து, நோயாளிக்குச் சர்க்கரையும் விடாத காய்ச்சலும் இருந்தால், அந்தக் கிருமியைக் கொட்டிவிடாமல் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பும்படி மருத்துவர் மூலமாகக் கேட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும், கர்நாடகத்தில் மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியும், புதுச்சேரியில் ஜிப்மரும் இந்தக் கிருமியைப் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகின்றன.

சிகிச்சை எப்படி நடக்கும்?

இரண்டு கட்டங்களாக. முதல் கட்டத்தில் மருத்துவமனையில் வைத்து, செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் மருந்தை நரம்பு வழியாகக் குறைந்தது 10 முதல் 14 நாட்கள் செலுத்துவார்கள். உள்ளுறுப்புகளில் பெரிய கட்டிகளோ எலும்பில் தொற்றோ இருந்தால் நான்கு, ஆறு வாரங்கள் வரை நீளும். மூளையைத் தாக்கியிருந்தால் எட்டு வாரங்கள் வரை. வடிக்கக்கூடிய கட்டிகளை வடித்துவிடுவார்கள். மண்ணீரலில் இருக்கும் சிறு கட்டிகள் பெரும்பாலும் மருந்திலேயே கரையும். இரண்டாவது கட்டத்தில், வீட்டிலிருந்தபடி கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம் சாப்பிட வேண்டும். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாக்சிசைக்ளினோ வேறு மருந்தோ தருவார்கள்.

சாதாரண நிமோனியாவுக்குத் தரும் பென்சிலின், ஆம்பிசிலின், ஜென்டாமைசின் போன்றவை இந்தக் கிருமியிடம் எடுபடாது. மருந்துத் தேர்வு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று: தாய்லாந்தில் பழைய மருந்துகளுக்குப் பதில் செஃப்டாசிடிம் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 1989இல் வெளியானபோது, கடும் நோயாளிகளின் இறப்பு பாதியாகக் குறைந்திருந்தது.

சரியான ஊசி போட்டு ஒரு வாரம் ஆகிறது. காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. மருந்து வேலை செய்யவில்லையா?

வீட்டார் மனம் உடைந்து வேறு மருத்துவமனைக்கு மாற்றிவிட நினைப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். இந்த நோயில் காய்ச்சல் முற்றிலும் தணிய ஒன்பது நாள் ஆவது சராசரி. ஆழமான கட்டிகள் இருந்தால் மூன்று நான்கு வாரம்கூட ஆகலாம். காய்ச்சலின் உச்சம் நாளுக்கு நாள் குறைகிறதா, சாப்பாடு உள்ளே போகிறதா, மூச்சு இலகுவாகிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் பொறுத்திருக்கலாம். நிலைமை மோசமானால், வடிக்காமல் விட்ட கட்டி எங்காவது இருக்கிறதா என்று மருத்துவர் மறுபடி ஸ்கேன் எடுப்பார்.

நன்றாக ஆகிவிட்ட பிறகும் மூன்று மாதம் மாத்திரை எதற்கு?

ஊசி மருந்து வெளியில் திரியும் கிருமியைக் கொல்கிறது. அணுக்களுக்குள் பதுங்கியிருக்கும் மிச்சத்தை ஒழிக்கத்தான் மாத்திரை. ஆளும் தேறி, எடையும் கூடி, வேலைக்கும் போகத் தொடங்கிய இரண்டாவது மாதத்தில், "இனி எதற்கு" என்று நிறுத்தியவர்களிடம்தான் நோய் திரும்ப வருவது அதிகம். திரும்பி வரும் நோய் முதல் முறையைவிட இளக்கமாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

அதே சமயம் இந்த மாத்திரை அப்படியொன்றும் சாது அல்ல. தோலில் தடிப்பு, வாந்தி, ரத்த அணுக்கள் குறைவு, பொட்டாசியம் ஏறுதல், சிறுநீரகச் சோர்வு ஆகியவை வரலாம் என்பதால் முதல் வாரங்களில் ரத்தப் பரிசோதனை அடிக்கடி தேவைப்படும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை முன்பே இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தோலில் கொப்புளமோ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்; தானாக நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு?

எங்கே, எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் 1989 தொடங்கி 30 ஆண்டுகளில் 1,148 நோயாளிகளைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். இறந்தவர்கள் 133 பேர். முதல் ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கு 31 பேர் இறந்த இடத்தில், கடைசி ஐந்து ஆண்டுகளில் 6 பேராகக் குறைந்தது. கிருமி மாறவில்லை. மருத்துவர்கள் முதல் நாளிலேயே சந்தேகித்தார்கள், உரிய மருந்து உடனே கிடைத்தது, தீவிர சிகிச்சை வசதி வளர்ந்தது. வடகிழக்குத் தாய்லாந்தில் நூற்றுக்கு 40 பேர் வரை இறந்திருக்கிறார்கள்.

நோயாளியிடமிருந்து எங்களுக்குத் தொற்றுமா?

கிட்டத்தட்ட இல்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவியதாகப் பதிவானவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. தட்டு, தம்ளர் தனியாக வைப்பது, பேரப்பிள்ளைகளை அண்டவிடாமல் விரட்டுவது எல்லாம் வேண்டாம். சீழ் வடியும் புண்ணைத் துடைப்பவர் கையுறை போட்டுக்கொண்டு, பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவினால் போதும்.

சர்க்கரை இருக்கிறது. வயல் வேலையை விட்டுவிட வேண்டுமா?

விட முடியாது என்பது கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். சேற்றில் இறங்கும் நாளில் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் அணியலாம். ஆழச் சேற்றில் பூட்ஸ் மாட்டிக்கொள்ளும், நடவுக்கு ஒத்துவராது என்று உழவர்கள் சொல்வதும் உண்மையே. அப்படிப்பட்ட வேலையில், காலில் வெடிப்போ புண்ணோ இருக்கும் நாளிலாவது சேற்றில் இறங்காமல் வரப்பு வேலையை எடுத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. கரையேறியதும் வாய்க்கால் நீரில் அலசுவதோடு நிறுத்தாமல், நல்ல நீரும் சோப்பும் கொண்டு விரல் இடுக்கு வரை கழுவித் துடைக்க வேண்டும். தினமும் இரவில் விளக்கு வெளிச்சத்தில் பாதத்தைப் பார்க்கும் பழக்கம், சர்க்கரைப் புண்ணுக்காக மருத்துவர் ஏற்கெனவே சொன்னதுதான். இதற்கும் அதுவே காவல். காற்றும் மழையுமாக அடிக்கும்போது வெளியில் நிற்காதீர்கள். குடிநீரைக் கொதிக்கவையுங்கள். வீட்டுத் தோட்டத்தில் மண்ணைக் கிளறுகிறவர்களும் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

இவை எல்லாவற்றையும்விடப் பலமான தடுப்பு, ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது.

மண்ணையே தொடாதவர்களுக்கும் வருமா?

வரும், அபூர்வமாக. 2021இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில், வெளிநாடு எதற்கும் போகாத நான்கு பேருக்கு இந்த நோய் வந்து இருவர் இறந்தார்கள். பல மாதத் தேடலுக்குப் பின், இந்தியாவில் தயாராகி அங்கே விற்பனையான ஒரு வாசனைத் தெளிப்பான் குப்பிக்குள் கிருமி இருந்தது தெரிந்தது. இன்னொன்று நமக்கு மிக அருகில் நடந்தது. வட தமிழ்நாட்டில் 2022–23இல் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு மூளையையும் நரம்பையும் தாக்கும் மெலியாய்டோசிஸ் வந்தபோது, அவர்களில் ஒரு பகுதியினர் ஒரே இடத்தில் பல் சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்பதும், அங்கே திறந்துவைத்து மறுபடி மறுபடி பயன்படுத்திய சலைன் நீரே கிருமிக்கு வழியாக இருந்தது என்பதும் ஆய்வில் வெளிப்பட்டன. சலைன் குப்பியை உங்கள் முன்னால் புதிதாகத் திறக்கிறார்களா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

குழந்தைகளுக்கு வருமா?

வரும், ஆனால் குறைவு. வருகிற குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை போன்ற வேறு நோய் எதுவும் இருக்காது. தாய்லாந்துக் குழந்தைகளிடம் காதுக்குக் கீழே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் சீழ்க்கட்டியாக வருவது அடிக்கடி காணப்படுகிறது. பார்ப்பதற்கு ஒரு பக்கம் மட்டும் பொன்னுக்குவீங்கி வந்தது போல இருக்கும். வீக்கம் சிவந்து, மென்மையாகி, காய்ச்சலோடு ஒரு வாரத்தைத் தாண்டினால் பற்றுப் போட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆடு மாடுகளுக்கு?

ஆடுகளுக்கு எளிதில் வரும், மாடுகளுக்கு அரிது. 1970களில் பாரீஸ் மாநகர விலங்குக் காட்சிசாலையில்கூட இது புகுந்து பல விலங்குகளைக் கொன்றிருக்கிறது.

தடுப்பூசி உண்டா?

மனிதர்களுக்கு இதுவரை இல்லை.

இது உண்மையில் அரிய நோய்தானா?

அரிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோய் என்று சொல்வதே பொருத்தம். உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு வந்து 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016இல் வெளியான மதிப்பீடு ஒன்று கணித்தது. அதில் ஏறத்தாழ 44 சதவீதம் தெற்காசியாவில். இது எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல, மண்ணையும் மழையையும் மக்கள்தொகையையும் வைத்துப் போட்ட கணக்கு. இலங்கையின் அனுபவம் இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. அங்கே 1927இலேயே ஒரு நோயாளி பதிவாகியும், அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு எப்போதோ ஒருவர் என்றுதான் இருந்தது. 2006க்குப் பிறகு மருத்துவமனை ஆய்வகங்களுக்கு இந்தக் கிருமியை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்துத் தேடத் தொடங்கியதும், சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோர் தெரியவந்தார்கள்.

ஒரு முறை வந்து குணமானவர் பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

நோய் இரண்டு விதமாகத் திரும்பலாம்: உடலில் மிஞ்சிய கிருமி மீண்டும் தலைதூக்குவது ஒன்று, மண்ணிலிருந்து புதிதாக ஏறுவது மற்றொன்று. ஒரு முறை வந்ததால் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டையும் கல்ச்சர் அறிக்கையையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். அடுத்த முறை மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தால், எந்த மருத்துவமனைக்குப் போனாலும், முதல் ஊசி போடும் முன் அந்த உறையை மேசைமேல் வைத்து, "எனக்கு முன்னே மெலியாய்டோசிஸ் வந்திருக்கிறது, ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு மருந்து கொடுங்கள்" என்று சொல்லுங்கள்.